பன்றியினத் தேர்வில் இயல்புகளின் பொருளாதாரப் பெறுமதியைக் கணிக்கும் முறை

நெல், மரக்கறிச் செய்கையாளர் அறிந்துகொள்ள வேண்டியவை

1. இப்பிரசுரத்தின் நோக்கம்

நெல் விளைவிப்போரிடம் தவிடும் நொய்யும் மிஞ்சுகின்றன. மரக்கறி விளைவிப்போரிடம் விலைபோகாத வற்றாளை, மரவள்ளி, பூசணி, கீரைத்தண்டு முதலியன மிஞ்சுகின்றன. இவற்றைப் பணமாக்கும் வழிகளுள் பன்றி வளர்ப்பும் ஒன்று. அதன் எரு மக்கிய பின் மரக்கறிப் பாத்திகளுக்கு நல்ல பசளையாகும். நீர்கொழும்பு தொடக்கம் சிலாபம் வரையுள்ள மேற்குக் கரையோரத்தில் கம்பஹா, புத்தளம் மாவட்டங்களைச் சார்ந்த சிற்றுடைமையாளர் பலர் நெடுங்காலமாக இத்தொழிலைச் செய்து வருகின்றனர். அவர்களது உற்பத்தியின் பெரும் பகுதி கொழும்பு நகரச் சந்தையை நோக்கியே செல்கின்றது.

பன்றி வளர்க்கத் தொடங்குவோர் முதலிற் கேட்கும் கேள்வி, “எந்த ஆண்பன்றியை வாங்குவது? எந்தப் பெண்குட்டியைத் தாய்க்கென நிறுத்துவது?” என்பதாகும். பெரிதாகத் தோன்றுவதையோ, நிறம் நன்றாயிருப்பதையோ, அயலவர் புகழ்வதையோ நம்பி வாங்குதல் வழக்கமாயிருக்கின்றது. ஒரு போகத்து நெல்லை விற்ற பணம் முழுவதையும் அவ்வாறு ஒரு விலங்கில் முடக்கிய பின், அவ்விலங்கின் வழித்தோன்றல்கள் இலாபம் தருமா நட்டம் தருமா என்பது ஓராண்டு கழிந்தே தெரியவரும். அதற்குள் பணம் போய்விடும். ஆதலால், ஒவ்வோர் இயல்பும் எத்தனை ரூபா பெறும் என்பதை முன்கூட்டியே கணித்தறியும் முறையை இப்பிரசுரம் விளக்குகின்றது. கூட்டலும் பெருக்கலும் தெரிந்த எவரும் இக்கணக்கைச் செய்யலாம். பன்றி வளர்க்காதோரும் இதனை ஆட்டுக்கும் பசுவுக்கும் கோழிக்கும் பயன்படுத்தலாம்.

2. இயல்பு என்பதும் பெறுமதி என்பதும்

பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும் தன்மைகளை இங்கு இயல்புகள் என்போம். பன்றியில் பொருளாதார முக்கியத்துவமுடைய இயல்புகள் நான்கு: ஓரீற்றில் உயிருடன் வளர்ந்து பால்குடி மறக்கும் குட்டிகளின் தொகை, நாளொன்றுக்கு நிறை கூடும் அளவு, ஒரு கிலோ நிறை கூடுவதற்குத் தின்னும் தீனின் அளவு, அதாவது தீன்மாற்று விகிதம், முதுகுக் கொழுப்பின் தடிப்பு.

ஓர் இயல்பின் பொருளாதாரப் பெறுமதி என்பது, ஏனைய இயல்புகள் யாவும் மாறாதிருக்க, அவ்வியல்பு மாத்திரம் ஓரலகு சீர்ப்படும்போது கூடும் இலாபமாகும். “ஏனையவை மாறாதிருக்க” என்னும் நிபந்தனையை மறந்தால் ஒரே ஆதாயத்தை இருமுறை எண்ணிவிடுவோம். இதனைப் பின்னர் ஓர் உதாரணத்தாற் காட்டுவோம்.

நெற்செய்கையாளருக்கு இக்கருத்துப் புதியதன்று. 1950-களின் பிற்பகுதியில் பத்தலகொடையில் உருவாகிய எச்-4 என்னும் நெல்லினம் அக்காலத்துப் பழைய இனங்களிலும் மிகுதியாக விளைந்தது. ஆயினும் பசளையை மேலும் கூட்டியபோது பயிர் உயர்ந்து சாய்ந்தது. சாய்ந்த கதிரில் விளைவு எவ்வளவிருந்தும் வீட்டுக்கு வருவது குறைவே. 1970-இல் வெளியிடப்பட்ட பிஜி 11-11 என்னும் இனம் கட்டையான தாளுடையதாதலாற் சாயாது நின்று பசளையின் பயனைக் கொடுத்தது. பசளை இடாத வயலில் தாளின் கட்டைமைக்குப் பெறுமதி சிறிது. பசளை இட்ட வயலில் அதே இயல்புக்குப் பெறுமதி பெரிது. இயல்பின் பெறுமதி விதைக்குள் மாத்திரம் இருப்பதன்று. அது வளரும் இடத்தையும் விலைப்படும் சந்தையையும் பொறுத்தது. பன்றிக்கும் இதுவே விதி.

3. இக்கணக்கு வந்த வரலாறு

பல இயல்புகளை ஒரே எண்ணாகத் தொகுத்துத் தேர்ந்தெடுக்கும் முறை முதலிற் பயிரிலேயே கையாளப்பட்டது. 1936-இல் பெயார்பீல்ட் ஸ்மித் என்பவர் கோதுமைத் தேர்வுக்காக அதனை வகுத்தார். 1943-இல் எல். என். ஹேசல் என்னும் அமெரிக்க அறிஞர் அதனை விலங்குகளுக்கு, சிறப்பாகப் பன்றிகளுக்கு, ஏற்றவாறு அமைத்தார். ஒவ்வோர் இயல்புக்கும் அதன் பணப்பெறுமதியை நிறையாகக் கொடுத்து, அவ்வியல்பு பரம்பரையாக இறங்கும் அளவையும் இயல்புகளுக்கிடையிலுள்ள தொடர்பையும் சேர்த்து, ஒரு விலங்குக்கு ஒரு தேர்வுச் சுட்டெண்ணைக் கொடுப்பதே அம்முறை.

அதற்கு முந்திய ஆண்டில் ஹேசலும் ஜே. எல். லஷ் என்பவரும் மூன்று தேர்வு முறைகளை ஒப்பிட்டனர். ஓரியல்பை முதலில் முடித்துப் பின் அடுத்ததை எடுத்தல் ஒன்று. ஒவ்வோர் இயல்புக்கும் ஓர் எல்லை வைத்து அதற்குக் கீழானவற்றைக் கழித்தல் மற்றொன்று. எல்லாவற்றையும் சுட்டெண்ணாகத் தொகுத்தல் மூன்றாவது. இவற்றுள் சுட்டெண்ணே குறையாத பயனைத் தருவது என அவர்கள் காட்டினர். ஓரியல்பில் மிகச் சிறந்த விலங்கு வேறோர் இயல்பிற் சற்றுக் குறைந்திருப்பினும், மொத்தக் கணக்கில் அது முந்தி நிற்கலாம் என்பதே அதன் உட்பொருள். இன்றைய பெருநிறுவனங்கள் கணினி கொண்டும் பரம்பரையலகுப் பரிசோதனை கொண்டும் செய்யும் தேர்வுக்கும் இதுவே அத்திவாரம்.

4. பட்டியின் வரவுசெலவுக் கணக்கு

பெறுமதியைக் கணிப்பதற்கு முதலில் ஒரு தாய்ப்பன்றியின் ஓராண்டு வரவுசெலவை எழுதுதல் வேண்டும். கீழே காட்டிய எண்கள் முறையை விளக்குதற்பொருட்டு எடுத்துக்கொண்டவையே. உங்கள் ஊர் விலைகளை அவற்றின் இடத்தில் இட்டுக் கணிக்குக.

தாய்ப்பன்றியின் சினைக்காலம் ஏறக்குறைய 114 நாட்கள். ஆண்டுக்கு இரண்டு ஈற்றும், ஈற்றுக்கு 8 குட்டிகள் வளர்ந்து விற்பனைக்கு வருதலும் எனக் கொண்டால் ஆண்டுக்கு 16 பன்றிகள் விற்பனைக்கு வரும்.

ஒரு பன்றியின் கணக்கு:

விற்கும் நிறை 90 கிலோ, கிலோ ரூபா 500 வீதம் — வரவு ரூபா 45,000
10 கிலோவிலிருந்து 90 கிலோ வரை 80 கிலோ வளர்ச்சி, கிலோவுக்கு 3.5 கிலோ தீன். ஆக 280 கிலோ, கிலோ ரூபா 100 வீதம் — செலவு ரூபா 28,000
160 நாட்களுக்கு வேலை, நீர், மருந்து, தொழுவம், நாளுக்கு ரூபா 25 வீதம் — செலவு ரூபா 4,000
பால்குடி மறக்குமுன் குட்டிக்காகும் செலவு — ரூபா 1,000
மிச்சம் — ரூபா 12,000

தாய்ப்பன்றியின் கணக்கு:

16 பன்றிகளின் மிச்சம் — ரூபா 192,000
தாயின் ஆண்டுத் தீன் 1,000 கிலோ — ரூபா 100,000
ஆண்பன்றிக் கூலி, மருந்து, தாயின் தேய்மானம் — ரூபா 20,000
ஆண்டு இலாபம் — ரூபா 72,000

இங்கு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். வீட்டில் உண்டான தவிடும் மரவள்ளியும் இலவசமானவையல்ல. அவற்றைச் சந்தையில் விற்றால் என்ன கிடைக்குமோ அதுவே அவற்றின் விலை. அவ்விலையைக் கணக்கில் எழுதாதவர், நெல்லில் வந்த இலாபத்தைப் பன்றியின் இலாபமென எண்ணி ஏமாறுவர்.

5. ஒவ்வோர் இயல்பின் பெறுமதி

அ. குட்டிகளின் தொகை: ஈற்றுக்கு ஒரு குட்டி கூடினால் ஆண்டுக்கு 2 பன்றிகள் கூடும். ஒவ்வொன்றின் மிச்சம் ரூபா 12,000. ஆயினும் மேலதிகக் குட்டிக்குப் பாலூட்டத் தாய்க்கு ஏறத்தாழ 10 கிலோ தீன், அதாவது ரூபா 1,000, கூடுதலாக வேண்டுமெனக் கொள்வோம். ஆகவே பெறுமதி 2 × 11,000, அதாவது ரூபா 22,000.

ஆ. தீன்மாற்று விகிதம்: 3.5 என்பது 3.4 ஆகக் குறைந்தால், 80 கிலோ வளர்ச்சிக்கு 8 கிலோ தீன் மீதமாகும். பன்றியொன்றுக்கு ரூபா 800. ஆண்டுக்கு 16 பன்றிகளுக்கு ரூபா 12,800.

இ. வளர்ச்சி வேகம்: நாளுக்கு 500 கிராம் என்பது 510 ஆகக் கூடினால், 160 நாட்கள் ஏறக்குறைய 157 ஆகும். மீதமாகும் நாட்களின் செலவு பன்றிக்கு ஏறத்தாழ ரூபா 78. ஆண்டுக்கு ஏறத்தாழ ரூபா 1,250. விரைவாக வளரும் பன்றி குறைவாகத் தின்னுமே, அந்த ஆதாயம் எங்கேயெனச் சிலர் கேட்கலாம். அது தீன்மாற்று விகிதத்தின் கணக்கில் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது. மீண்டும் இங்கு எழுதினால் ஒரே நெல்லை இரண்டு சாக்கில் அளந்ததாகும். “நாளுக்கு இவ்வளவு வளரும்” என்று கூறி விலங்கு விற்போர் பெரும்பாலும் இவ்விரட்டை எண்ணிக்கையையே செய்கின்றனர்.

ஈ. முதுகுக் கொழுப்பு: இவ்வியல்பின் பெறுமதியே சந்தைக்குச் சந்தை மிகவும் வேறுபடுவது. கொட்டாஞ்சேனைச் சந்தையில் இறைச்சி வாங்கும் இல்லத்தவரும் தொத்திறைச்சி செய்யும் தொழிற்சாலையினரும் கொழுப்புக் குறைந்த இறைச்சியையே விரும்புகின்றனர். ஆயினும் அவ்விருப்பம் கமக்காரரின் கைக்குப் பணமாக வந்து சேர்கின்றதா என்பதே கேள்வி. பட்டியடிக்கு லொறியுடன் வந்து உயிர்நிறைக்கு ஒரே விலை கொடுக்கும் தரகருக்கு விற்பவருக்கு, கொழுப்பு ஒரு மில்லிமீற்றர் குறைவதனால் வரும் ஆதாயம் எதுவுமில்லை. பெறுமதி பூச்சியம். தரம் பார்த்து வாங்குபவர் ஒரு மில்லிமீற்றருக்குக் கிலோ ரூபா 5 கூட்டிக் கொடுப்பாராயின், பன்றிக்கு ரூபா 450, ஆண்டுக்கு ரூபா 7,200 கிடைக்கும். ஒரே பன்றி, ஒரே இரத்தம். விற்கும் முறை வேறுபட்டதனாற் பெறுமதி வேறுபட்டது. ஆகவே மெலிந்த இறைச்சிக்குரிய விலையுயர்ந்த ஆண்பன்றியை வாங்குமுன், மெலிந்த இறைச்சிக்கு விலை கொடுக்கும் வாங்குபவரை முதலில் தேடிக்கொள்க. சிலர் ஒன்றுசேர்ந்து தொகையாக விற்பின் அவ்வாறான வாங்குபவரோடு பேசுதல் எளிது.

6. தீன் விலை மாறினால் பெறுமதியும் மாறும்

மேற்கண்ட கணக்கில் தீன் விலையை மாத்திரம் கிலோ ரூபா 100-இலிருந்து ரூபா 130 ஆக உயர்த்திப் பார்ப்போம். ஒரு பன்றியின் தீன் ரூபா 36,400 ஆகும்; மிச்சம் ரூபா 3,600 ஆகக் குறையும். 16 பன்றிகளின் மிச்சம் ரூபா 57,600. தாயின் செலவோ ரூபா 150,000. ஆண்டு இலாபம் ரூபா 72,000 என்றிருந்தது ரூபா 92,400 நட்டமாக மாறும்.

இயல்புகளின் பெறுமதியும் தலைகீழாகும். ஈற்றுக்கு ஒரு குட்டி கூடுவதன் பெறுமதி ரூபா 22,000-இலிருந்து ரூபா 4,600-க்கு வீழும். தீன்மாற்று விகிதம் 0.1 குறைவதன் பெறுமதியோ ரூபா 12,800-இலிருந்து ரூபா 16,640-க்கு உயரும். தீன் மலிவான காலத்தில் குட்டிகளின் தொகையும், தீன் அரிதான காலத்தில் குறைவாகத் தின்று வளரும் குணமும் முந்தி நிற்கும்.

இது கற்பனைக் கவலையன்று. 2021-இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டதனாற் சோளம் முதலிய பயிர்கள் பாதிக்கப்பட்டன. 2022-இல் அந்நியச் செலாவணி நெருக்கடியும் வந்து சேர்ந்தது. அக்காலத்தில் தீன் விலை உயர்ந்து, நாட்டில் கோழி, பன்றி வளர்த்த பலர் தொழிலைக் குறைக்கவோ விடவோ நேர்ந்தது. ஆதலால் ஒரு விலையை மாத்திரம் வைத்துக் கணிக்காமல், நல்ல விலை, நடுத்தர விலை, கெட்ட விலை என மூன்றையும் வைத்துக் கணித்து, மூன்றிலும் ஓரளவு பெறுமதி குன்றாத இயல்பைத் தேர்ந்தெடுத்தல் அறிவுடைமையாகும்.

7. பரம்பரைப் பங்கும் ஆண்பன்றியின் விலையும்

பெற்றோரிற் காணும் சிறப்பு முழுவதும் குட்டிக்கு இறங்குவதில்லை. சிறப்பின் ஒரு பகுதி நல்ல தீனாலும் நல்ல தொழுவத்தாலும் வந்தது, அது இறங்காது. பிறப்பால் வந்த பகுதியே இறங்கும். அப்பகுதியைப் பரம்பரைப் பங்கு என்போம். பல நாடுகளில் செய்த ஆராய்ச்சிகளின்படி அது குட்டிகளின் தொகையில் ஏறக்குறைய பத்தில் ஒன்று. வளர்ச்சி வேகத்திலும் தீன்மாற்று விகிதத்திலும் பத்தில் மூன்று. முதுகுக் கொழுப்பில் பத்தில் நான்கு அல்லது ஐந்து. தந்தையின் சிறப்பிலும் தாயின் சிறப்பிலும் பாதிப்பாதியே குட்டிக்குச் சேரும்.

பட்டியின் சராசரி 9 குட்டிகளாயிருக்க, ஒரு தாய்ப்பன்றி 12 ஈன்றதென வைத்துக்கொள்வோம். அவள் மகளுக்கு எவ்வளவு இறங்கும்? சிறப்பு 3, அதன் பத்திலொன்று 0.3, அதன் பாதி 0.15 குட்டி. மகளொருத்தியிடமிருந்து எதிர்பார்க்கக்கூடிய ஆதாயம் ஆண்டுக்கு 0.15 × 22,000, அதாவது ரூபா 3,300. ஒரே ஈற்றில் 12 ஈன்றாள் என்று அவளுடைய குட்டிக்கு இருமடங்கு விலை கொடுப்பவர் இதனை எண்ணிப்பார்ப்பாராக. பல ஈற்றுகளிலும் தொடர்ந்து கூடுதலாக ஈன்றவளே நம்பத்தக்கவள்.

இனி ஓர் ஆண்பன்றியை எடுத்துக்கொள்வோம். ஒரே பட்டியில், ஒரே தீனில் வளர்ந்த தன் வயதுப் பன்றிகளிலும் அது நாளுக்கு 100 கிராம் விரைவாக வளர்ந்தது. தீன்மாற்று விகிதம் 0.2 குறைவு, கொழுப்பு 4 மில்லிமீற்றர் குறைவு. அதன் குட்டியொன்றுக்கு இறங்கும் ஆதாயம்:

வளர்ச்சி: 100 × 0.3 × ½ = 15 கிராம் — ஏறக்குறைய ரூபா 117
தீன்: 0.2 × 0.3 × ½ = 0.03, அதாவது 2.4 கிலோ தீன் — ரூபா 240
கொழுப்பு: 4 × 0.45 × ½ = 0.9 மில்லிமீற்றர் — தரம் பார்த்து விற்றால் ரூபா 405; உயிர்நிறைக்கு விற்றால் ஒன்றுமில்லை

தரம் பார்த்து விற்பவருக்குக் குட்டியொன்றுக்கு ரூபா 762. மற்றவருக்கு ரூபா 357. அவ்வாண்பன்றியின் குட்டிகளில் 100 விற்பனைக்கு வருமாயின் முன்னவருக்கு ரூபா 76,200, பின்னவருக்கு ரூபா 35,700. சாதாரண ஆண்பன்றியின் விலைக்கு மேல் இவ்வாண்பன்றிக்குக் கொடுக்கக்கூடிய மேலதிகத் தொகையின் உச்ச எல்லை இதுவே. இம்மூன்று இயல்புகளும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. ஆதாயம் வர ஓராண்டு செல்லும். இடையில் நோயும் இறப்பும் உண்டு. ஆதலால் இத்தொகையின் அரைவாசிக்கு மேற் கொடாதிருத்தல் நன்று. நான்கைந்து தாய்ப்பன்றிகள் மாத்திரம் வைத்திருப்பவர் அயலவரோடு கூட்டாக ஓர் ஆண்பன்றியை வைத்தால் அதன் குட்டிகளின் தொகை கூடும். நல்ல ஆண்பன்றியின் விலையும் தாங்கத்தக்கதாகும். ஆயினும் ஆண்பன்றி பட்டிக்குப் பட்டி செல்லும்போது நோயும் கூடவே செல்லலாம். எனவே எல்லாப் பட்டிகளும் நோயற்றவை என்பதை மிருக வைத்தியர் மூலம் உறுதிசெய்தல் வேண்டும்.

8. ஓரியல்பை மாத்திரம் நோக்குவதன் கேடு

டென்மார்க்கு நாட்டினர் 1907-இலேயே பன்றிகளின் வழித்தோன்றல்களைச் சோதிக்கும் நிலையத்தை அமைத்தவர்கள், இக்கலையில் முன்னோடிகள். அவர்கள் 1990-களில் பிறக்கும் குட்டிகளின் மொத்தத் தொகையைத் தேர்வில் சேர்த்தனர். தொகை கூடியது, ஆயினும் சிறு குட்டிகளும் இறக்கும் குட்டிகளும் கூடின. ஆதலால் 2004 முதல், பிறந்த தொகையை விடுத்து, ஐந்தாம் நாளில் உயிருடனிருக்கும் குட்டிகளின் தொகையையே அவர்கள் தேர்வுக்கு எடுத்துக்கொண்டனர். நாமும் பிறந்த குட்டிகளை எண்ணாது, பால்குடி மறந்த குட்டிகளையே எண்ணுதல் வேண்டும்.

மற்றோர் உதாரணம் பெல்ஜியத்தின் பியேத்திரேன் இனம். அதன் தசை மிகுந்து கொழுப்புக் குறைவு. ஆயினும் அவ்வினத்திற் பரவலாயிருந்த ஒரு பரம்பரையலகு, வெப்பத்திலும் ஏற்றியிறக்கும் களைப்பிலும் பன்றி திடீரென இறப்பதற்கும், இறைச்சி வெளிறி நீர் கசிவதற்கும் காரணமாயிற்று. 1991-இல் கனடா நாட்டு ஆராய்ச்சியாளர் அதனை அடையாளங்கண்ட பின், இரத்தப் பரிசோதனையால் அதனை நீக்க வழி பிறந்தது. எமது நாட்டின் வெப்பத்தில், நண்பகலில் லொறியேறிக் கொழும்புக்குச் செல்லும் பன்றிக்கு இக்குறை எத்தகைய நட்டத்தைத் தரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வெப்பத்தைத் தாங்குதல், கால்களின் உறுதி, தாயின் பொறுமை ஆகியவற்றை எண்ணால் அளப்பது கடினமாயினும் அவற்றுக்கும் பெறுமதி உண்டு. இவற்றிற் குறையுள்ளதை, ஏனையவற்றில் எவ்வளவு சிறந்ததாயினும், கழித்துவிடுக.

9. கலப்பினத்தின் பயன்

குட்டிகளின் தொகை தேர்வினால் மெதுவாகவே சீர்ப்படும் எனக் கண்டோம். பரம்பரைப் பங்கு குறைந்த இயல்புகளுக்குக் கலப்பே விரைவான வழி. லாஜ் வைற், லான்றேஸ் ஆகிய இரண்டையும் கலந்து பிறந்த தாய்ப்பன்றி, தூய இனத் தாயிலும் நூற்றுக்கு 5 முதல் 10 வரை கூடுதலாகக் குட்டிகளைத் தரக்கூடும். அவளை டியூறொக் முதலிய மூன்றாம் இனத்து ஆண்பன்றியோடு சேர்த்தால், விற்பனைக் குட்டிகள் வளர்ச்சியிலும் உறுதியிலும் சிறந்து விளங்கும். தாயின் இனத்திற் குட்டிப்பெருக்கத்தையும் தந்தையின் இனத்தில் வளர்ச்சியையும் இறைச்சியையும் தனித்தனியே தேடுதல் நன்றென 1960-களில் இஸ்ரவேல் நாட்டு அறிஞர் மோவாவ் இலாபக் கணக்கின் மூலம் விளக்கினார்.

ஆனால் விற்பனைக் குட்டிகளுள் ஒன்றையே ஆண்பன்றியாக நிறுத்தித் தாயோடும் தமக்கையோடும் சேர்ப்பது கலப்பின் பயனை அழித்துவிடும். கலப்பு நெல்லின் விளைச்சலையே விதையாக வைத்தால் அடுத்த போகத்திற் பயிர் பலவிதமாவது போன்றதே இது. இனவிருத்திக்கான பன்றிகளைத் தேசிய கால்நடை அபிவிருத்திச் சபையின் பண்ணைகளிடமோ, பதிவேடு வைத்திருக்கும் நம்பத்தகுந்த பண்ணையாளரிடமோ பெறுக.

10. நகரத்து மிச்சவுணவும் நோயும்

கொழும்புக்கு அண்மையிலுள்ள வளர்ப்போர் பலர் விடுதிகளினதும் சாப்பாட்டுக்கடைகளினதும் மிச்சவுணவை வாங்கித் தீனாகப் பயன்படுத்துகின்றனர். இதனால் தீன் செலவு குறையும். ஆகவே தீன்மாற்று விகிதத்தின் பெறுமதியும் குறையும். மிச்சவுணவின் செலவு தீனின் ஐந்திலொன்றாயின் அப்பெறுமதியும் ஐந்திலொன்றே. ஆயினும் எல்லா மிச்சவுணவும் ஒரே தன்மையினதன்று. வெள்ளவத்தையின் சைவ உணவுக்கடைகளிலிருந்து வருவதிற் சோறும் மாப்பொருளுமே மிகுதி, புரதம் குறைவு. அதனை மாத்திரம் தின்னும் பன்றி கொழுக்கும், தசை வளராது. சுட்டெண்ணில் முதலிடம் பெற்ற ஆண்பன்றியின் குட்டியும் இத்தீனில் தன் சிறப்பைக் காட்டாது. மீன்தூள் முதலிய புரதத்தைச் சேர்த்தாலே பிறப்பின் பயன் கைகூடும்.

இதனிலும் பெரிய காரியம் நோய். ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2024-இன் பிற்பகுதியில் இலங்கையிற் கண்டறியப்பட்டது. மேல் மாகாணம் முதலிய இடங்களிற் பட்டிகள் பல வெறுமையாயின. இந்நோய் மனிதரைப் பற்றாது. ஆயினும் பன்றிகளுட் பெரும்பாலானவற்றைக் கொல்லும். இதற்கு எதிராக நின்று பிழைக்கும் இனம் என எவரேனும் விற்க வந்தால் நம்பற்க. வளர்ப்பினங்களுள் அத்தகைய இனம் எதுவுமில்லை. இறைச்சி கலந்த மிச்சவுணவு இந்நோயைக் கொண்டுவரும் வழிகளுள் முக்கியமானது. ஆதலால் மிச்சவுணவைப் பயன்படுத்த அனுமதியுள்ள இடத்தும், நன்கு கிளறி, கொதிநிலையில் 30 நிமிடத்துக்குக் குறையாமல் அவித்தல் வேண்டும். அவ்விறகின் செலவையும் தீன் கணக்கில் எழுதுக. அப்போதைக்கு நடைமுறையிலுள்ள கட்டளைகளை மிருக வைத்திய அலுவலகத்திற் கேட்டறிக.

நெற்செய்கையாளருக்குப் பிறிதோர் எச்சரிக்கையும் உண்டு. 1985-க்கும் 1988-க்கும் இடையில் அநுராதபுரம் முதலிய பகுதிகளில் யப்பானிய மூளைக்காய்ச்சல் பரவிப் பலர் இறந்தனர். நீர் நிற்கும் வயலிற் பெருகும் நுளம்பு, பன்றியின் உடலிற் பல்கும் நோய்க்கிருமியை மனிதருக்குக் கடத்துவதே காரணம். வீட்டையும் வயலையும் ஒட்டிப் பட்டி அமைப்பவர், எந்த இயல்பின் பெறுமதியையும் கணிப்பதற்கு முன் இதனைக் கணித்தல் வேண்டும். பட்டியை வீடுகளுக்குத் தொலைவில் அமைக்குக. பிள்ளைகளுக்குரிய தடுப்பூசியைத் தவறாது ஏற்றுக.

11. வைத்திருக்க வேண்டிய பதிவேடு

பதிவேடு இல்லாமற் கணக்கில்லை. ஒரு பயிற்சிக் கொப்பி போதும். ஒவ்வொரு தாய்க்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, சேர்த்த நாள், ஈன்ற நாள், பிறந்த தொகை, பால்குடி மறந்த தொகை ஆகியவற்றை எழுதுக. விற்பனைப் பன்றிகளுக்கு, தொடக்க நிறை, விற்ற நிறை, நாட்கள், தின்ற தீன் ஆகியவற்றை எழுதுக. தராசு இல்லாதவர் கூட்டாக ஒன்றை வாங்கலாம். எப்போதும் ஒரே காலத்தில், ஒரே தொழுவத்தில், ஒரே தீனில் வளர்ந்தவற்றையே ஒப்பிடுக. காய்ந்த மாதத்திற் பிறந்ததையும் மாரியிற் பிறந்ததையும் ஒப்பிடுதல், கிணற்றுப் பாய்ச்சல் நெல்லையும் மானாவாரி நெல்லையும் ஒப்பிடுவது போன்றது.

பதிவேடு விற்பனைக் காலத்தைத் திட்டமிடவும் உதவும். நத்தாரையொட்டிக் கொழும்பிற் பன்றியிறைச்சிக்குக் கேள்வி கூடும். சினை 114 நாள், பால்குடி 45 நாள், வளர்ப்பு 160 நாள், ஆக 319 நாட்கள். ஆகவே சனவரி இறுதியிற் சேர்த்த தாயின் குட்டிகளே மார்கழி நடுப்பகுதியில் விற்பனைக்கு ஆயத்தமாகும்.

12. தொகுப்புரை

(1) முதலில் உங்கள் பட்டியின் வரவுசெலவை எழுதுக. வீட்டுத் தவிட்டுக்கும் விலை இடுக.
(2) ஒவ்வோர் இயல்பும் ஓரலகு சீர்ப்பட்டால் எத்தனை ரூபா கூடும் எனக் கணிக்குக. ஒரே ஆதாயத்தை இருமுறை எண்ணாதீர்.
(3) தீன் விலை மூன்று விதமாயிருப்பின் பெறுமதி எவ்வாறு மாறும் எனப் பார்க்குக.
(4) வாங்குபவர் எதற்கு விலை கொடுக்கிறாரோ அதற்கே பெறுமதி உண்டு. விற்கும் முறையை முதலிற் சீராக்குக.
(5) பெற்றோரின் சிறப்பை அப்படியே எண்ணாது, பரம்பரைப் பங்காற் பெருக்கிப் பாதியாக்குக.
(6) குட்டிகளின் தொகைக்குக் கலப்பையும், வளர்ச்சிக்கும் தீனுக்கும் நல்ல ஆண்பன்றியையும் நாடுக.
(7) நோயற்ற பட்டியே எல்லாக் கணக்கிற்கும் முதற்படி.

இம்முறையை உங்கள் எண்களைக் கொண்டு செய்வதில் ஐயம் ஏற்படின், அண்மையிலுள்ள அரசாங்க மிருக வைத்திய அலுவலகத்தை உங்கள் பதிவேட்டுடன் அணுகி ஆலோசனை பெறலாம்.